சிறுவர்கள் குற்றம் செய்தால் சட்டம் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் பிள்ளை போலீசில் மாட்டிக்கொண்டதால் பதறிப்போய்த் தேடுகிறவர்கள், ஒரு கொடூரமான செய்தியைப் படித்துவிட்டுக் கோபத்தோடு கேட்கிறவர்கள், தங்கள் வீட்டில் திருட்டுக் கொடுத்துவிட்டு "அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாதா?" என்று ஆற்றாமையோடு கேட்கிறவர்கள் என்று மூன்று விதமானவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். மூவருக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒரு விதியைச் சொல்லும்போது அது எந்த நாட்டுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"சிறார்" என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறையாதவர்களை. இந்தியாவில் குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. 17 வயதில் செய்த குற்றத்துக்கு 25 வயதில் பிடிபட்டாலும் சிறார் சட்டம்தான் பொருந்தும். இந்தியச் சட்டம் "குற்றவாளி" என்ற சொல்லையே தவிர்த்து, "சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்" என்று சொல்கிறது. வெறும் சொல் விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையை எல்லோரும் "திருடன்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பெயருக்கு ஏற்றபடியே வளர்வது அதற்கு எளிதாகிவிடும். அதனால் இந்தச் சொல் மாற்றத்தை நான் மதிக்கிறேன்.

எத்தனை வயதிலிருந்து ஒரு பிள்ளை மீது வழக்குப் போட முடியும்?

இங்கேதான் நாடுகள் வெகுவாக வேறுபடுகின்றன. இந்தியாவில் ஏழு வயதுக்குக் கீழே எந்தச் செயலும் குற்றமாகாது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், தான் செய்வது இன்னது, அதன் விளைவு இன்னது என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்றால் குற்றமாகாது. இலங்கையில் எட்டாக இருந்த வயது 2018-ல் பன்னிரண்டாக உயர்ந்தது. சிங்கப்பூரில் 2020-ல் ஏழு பத்தானது. ஸ்காட்லாந்தும் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தியது. இங்கிலாந்தில் இன்னும் பத்துதான். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பதினான்கு. நார்வேயில் பதினைந்து.

14 வயதாவது இருக்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2019-ல் சொன்ன பரிந்துரை.

வயதைக் குறைத்தால் பிள்ளைகள் பயந்து ஒழுங்காக இருப்பார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. டென்மார்க் அதைச் செய்தே பார்த்தது. 2010-ல் பதினைந்தைப் பதினான்காகக் குறைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் குற்றங்கள் குறைந்ததாக ஆய்வாளர்களுக்குத் தெரியவில்லை. நீதிமன்ற வழியில் போன பிள்ளைகள் மறுபடி குற்றத்தில் சிக்குவது கூடியது, படிப்பும் பின்தங்கியது. 2012-ல் பழைய வயதுக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த வயதுக்குக் கீழே இருந்தால் சும்மா விட்டுவிடுவார்களா?

இல்லை. வழக்கு இருக்காது, அவ்வளவுதான். குழந்தை நலத் துறையோ அதற்கு ஈடான அமைப்போ வீட்டை வந்து பார்க்கும், ஆலோசனைக்கு அனுப்பும். வீடே ஆபத்தான இடமாக இருந்தால் பிள்ளையை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

தனி நீதிமன்றம் எதற்கு? எப்போது வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பத்து வயதுப் பையனும் நாற்பது வயது ஆளும் ஒரே நீதிமன்றத்தில் நின்றார்கள், பல இடங்களில் ஒரே சிறையில் படுத்தார்கள். 1899-ல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியது. ஜேன் ஆடம்ஸ், ஜூலியா லாத்ரப், லூசி ஃபிளவர் போன்ற பெண்கள் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். "இவன் என்ன செய்தான்?" என்பதோடு நிற்காமல், "இவன் ஏன் இங்கே வந்து நிற்கிறான், இவனுக்கு என்ன தேவை?" என்றும் கேட்கும் இடமாக அதை நினைத்தார்கள். இந்தியாவில் இந்த வழியில் வந்த முதல் சட்டம் 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இன்று இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதில் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

தப்பு தப்புதானே? வயதைக் காட்டி ஏன் சலுகை?

நியாயமான கேள்விதான். பாதிக்கப்பட்டவருக்கு, தன்னை அடித்தவனுக்குப் பதினைந்தா இருபத்தைந்தா என்பதால் வலி குறையப்போவதில்லை.

ஆனால் தண்டனையை அளக்கும்போது நாம் வலியை மட்டும் பார்ப்பதில்லை. செய்தவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, எவ்வளவு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடிந்திருக்கும் என்பதையும் பார்க்கிறோம். இங்கே மூளை பற்றிய ஆராய்ச்சி உதவுகிறது. பதினாறு வயதுப் பையன் நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் பெரியவர்களைப் போலவே கணக்குப் போட முடியும். கோபம், பரபரப்பு, கூட்டாளிகள் என்று சூழல் மாறும்போதுதான் சிக்கல். தூண்டுதலை அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும்.

2005-ல் வெளியான ஒரு பரிசோதனையில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளையும் 24 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கணினியில் காரோட்டும் விளையாட்டை விளையாட வைத்தார்கள். சிலர் தனியாக, சிலர் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது சிறுவர்கள் எடுத்த அபாயம் நன்றாகவே ஏறியது. பெரியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. சிறுவர்கள் தனியாகக் குற்றம் செய்வது குறைவு, சேர்ந்துதான் செய்கிறார்கள் என்பதைக் காவல்துறையில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. குற்றங்களை வயதுவாரியாக வரைந்து பார்த்தால் கோடு பதின்வயதில் செங்குத்தாக ஏறி, இருபதுகளில் இறங்கிவிடும். உளவியலாளர் டெரி மோஃபிட் 1993-ல் இதை விளக்கினார். சிறுவயதில் தொடங்கிக் கடைசிவரை குற்றத்தில் இருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். பதின்வயதில் தடுமாறிவிட்டுத் தானாகவே நிறுத்திவிடுபவர்கள் பெரிய கூட்டம். இந்தப் பெரிய கூட்டத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். தானாக நின்றுவிடக்கூடிய பிள்ளையைப் பிடித்து, படிப்பை நிறுத்தி, பெரிய குற்றம் செய்தவர்களோடு அடைத்து வைத்தால், நிற்க வேண்டியது நிற்காமல் போய்விடும்.

போலீஸ் பிடித்தவுடன் என்னென்ன நடக்க வேண்டும்?

பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்று பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வக்கீல் உதவி கிடைக்க வேண்டும். ஒப்புக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இவை 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் அதற்கு முந்தைய, சிறார் நீதி பற்றிய ஐ.நா.வின் 1985-ஆம் ஆண்டு பெய்ஜிங் விதிகளிலும் இருக்கின்றன. இந்தியச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது, பயண நேரத்தைக் கழித்து 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது.

நடைமுறையில் இவை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை. குறிப்பாக முதல் சில மணி நேரம்தான் ஆபத்தானது, ஏனென்றால் சிறுவர்கள் சீக்கிரம் உடைந்துவிடுவார்கள். "ஒப்புக்கொள், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் நம்பிவிடுவார்கள். 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு எதிராக இருந்த முக்கியமான சாட்சியம் விசாரணையில் அவர்கள் வாயிலிருந்து வந்த வாக்குமூலம்தான். 2002-ல் உண்மையான ஆள் ஒப்புக்கொண்டார், மரபணுச் சோதனையும் அவரையே காட்டியது. ஐவரின் தண்டனையும் ரத்தானது. அதற்குள் அவர்கள் இளமை சிறையில் போய்விட்டது.

ஜாமீன் கிடைக்குமா?

இந்தியாவில் சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்ற பிரிவே இங்கே பொருட்டில்லை. வெளியே போனால் குற்றவாளிகளின் கையில் சிக்குவான், உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று தோன்றினால் மட்டுமே மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நீதிமன்றத்துக்கே போகாமல் முடிக்க வழி உண்டா?

உண்டு, பல நாடுகளில் சின்னக் குற்றங்களுக்கு அதுதான் முதல் வழி. எச்சரிக்கை, மன்னிப்பு, உடைத்ததைச் சரிசெய்து கொடுப்பது, ஆலோசனை, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்று எதையாவது செய்யவைத்து அங்கேயே முடித்துவிடுவார்கள். தமிழில் இதைத் "திசைதிருப்பல்" என்று எழுதுகிறார்கள். வழக்கின் பாதையிலிருந்து வேறு பாதைக்கு மாற்றிவிடுவது என்று புரிந்துகொள்ளலாம்.

இது மென்மையான அணுகுமுறை, அதனால் பலன் இருக்காது என்று நினைப்பது இயல்பு. 2010-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 29 பரிசோதனைகளை, 7,000-க்கும் மேற்பட்ட சிறாரின் தகவல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முறைப்படி வழக்கு நடத்தப்பட்ட சிறார், அப்படி நடத்தப்படாமல் வேறு வழியில் அனுப்பப்பட்டவர்களைவிடத் திருந்தவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே மறுபடி குற்றம் செய்தார்கள். குறைவாகத் தலையிட்டதால் நன்மை கூடியிருக்கிறது. சின்னத் திருட்டுக்கு முதல்முறை பிடிபட்ட பிள்ளை விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

ஒரே எச்சரிக்கை: செய்யாத குற்றத்தை "எளிதாக முடிந்துவிடும்" என்று ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது. இந்த வழி, பிள்ளை தானாக ஒப்புக்கொள்ளும் வழக்குகளுக்கு மட்டும்தான்.

சிறார் நீதிமன்றம் அன்பான இடம் என்றால், வக்கீலும் குறுக்கு விசாரணையும் எதற்கு?

ஜெரால்டு கால்ட் என்ற பையனின் கதைதான் இதற்குப் பதில். 1964-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அவனுக்கு 15 வயது. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பிடித்துப் போனார்கள், அவர்களுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. வக்கீல் இல்லை. புகார் கொடுத்த பெண்மணி விசாரணைக்கு வரவே இல்லை. நடந்ததை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. நீதிபதி அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார், 21 வயது ஆகும்வரை. அதாவது ஆறு ஆண்டு வரை. இதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை.

எல்லாம் "பையனின் நன்மைக்காக" என்ற பெயரில்தான் நடந்தது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, குற்றச்சாட்டை முன்கூட்டியே அறியும் உரிமை, வக்கீல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, தனக்கெதிராகத் தானே பேசாமல் இருப்பது ஆகியவை சிறாருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இரக்கம் மட்டும் போதாது, உரிமையும் வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும்.

சரி, உரிமைகளையும் கொடுத்து, நீதிமன்ற மிரட்சியையும் குறைக்க முடியுமா? ஸ்காட்லாந்து 1971-லிருந்து ஒரு வழியைக் கையாள்கிறது. "நான் செய்யவில்லை" என்று பிள்ளை மறுத்தால் அதை ஒரு நீதிபதி முடிவு செய்வார். செய்தது உறுதியான பிறகு, "அடுத்து என்ன?" என்பதைச் சாதாரண மக்களிலிருந்து பயிற்சி கொடுத்துத் தேர்ந்தெடுத்த மூன்று பேர் பிள்ளையோடும் குடும்பத்தோடும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள்.

பாதிக்கப்பட்டவர்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சிறார் நீதியில் நெடுங்காலம் மறந்துபோன பக்கம் இதுதான். அரசு ஒருபுறம், பிள்ளை மறுபுறம். அடிபட்டவரோ சாட்சிக் கூண்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார். பிள்ளையின் அடையாளத்தைக் காப்பதற்காகக் கதவை மூடியபோது, பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்தே கதவு மூடிக்கொண்டது. வழக்கு என்ன ஆனது என்றுகூட அவருக்கு யாரும் சொல்வதில்லை. அந்தக் கோபத்தை "பழிவாங்கும் எண்ணம்" என்று ஒதுக்குவது பெரிய தவறு.

நியூசிலாந்து 1989-ல் கொண்டுவந்த சட்டம் வேறு மாதிரி யோசித்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் உறவுக் கூட்டத்திலிருந்தும் பிய்த்து எடுத்து அரசு இல்லங்களில் போடுவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததும் இதற்கு ஒரு காரணம். அந்தச் சட்டப்படி குடும்பக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பிள்ளை, பெற்றோர், தாத்தா பாட்டி, மாமா சித்தி, போலீஸ், விரும்பினால் பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக ஒருவர் என்று எல்லோரும் ஒரே அறையில். என்ன நடந்தது என்று வாசிப்பார்கள், பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் பாதிக்கப்பட்டவர் பேசுவார்: அன்றைக்கு இரவு என்ன ஆனது, இப்போதும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கிறது என்று. பிறகு குடும்பத்தைத் தனியாக விட்டுவிடுவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு திட்டத்தோடு வருவார்கள்: எப்படி மன்னிப்புக் கேட்பது, எப்படி ஈடுகட்டுவது, யார் கவனித்துக்கொள்வது, பள்ளிக்கோ வேலைக்கோ எப்போது போவது. பாதிக்கப்பட்டவரும் போலீசும் சம்மதித்தால் அதுவே முடிவு.

தண்டனையிலிருந்து தப்பிக்கும் வழி மாதிரி இது தோன்றலாம். ஆனால் சிறை அறையில் உட்கார்ந்திருக்கும் பையன் தான் காயப்படுத்திய ஆளின் முகத்தை ஒருநாளும் பார்க்க வேண்டியதில்லை. இங்கே பார்த்தாக வேண்டும், அதுவும் தன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. எனக்கு இது மிகக் கடினமான தண்டனையாகவும், மிக நியாயமானதாகவும் படுகிறது.

பாதிக்கப்பட்டவர் வர விருப்பம் இல்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. மன்னித்தே ஆக வேண்டும் என்று யாரும் அவரைத் தள்ளவும் கூடாது. பாலியல் குற்றங்களில் இந்த மாதிரிச் சந்திப்பு பாதிக்கப்பட்டவரை மறுபடி காயப்படுத்தலாம், அங்கே மிகுந்த கவனம் வேண்டும்.

என்னென்ன தண்டனை கொடுப்பார்கள்?

எச்சரித்து அனுப்புவது, ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, கடைசியாக ஒரு இல்லத்தில் வைத்திருப்பது. இந்தியாவில் சிறாரைச் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு வைக்கலாம். வழக்கு நடக்கும் காலத்தில் வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். அதை "சிறுவர் ஜெயில்" என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம், அது தண்டனைக்கான இடமே இல்லை.

அடைத்து வைப்பது கடைசி வழியாகவும், இயன்ற அளவு குறுகிய காலத்துக்கும்தான் இருக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்கிறது ஐ.நா. உடன்படிக்கையின் 37-ஆவது பிரிவு. அடைத்து வைக்கப்பட்ட சிறாருக்கான ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டு ஹவானா விதிகள் இருட்டறையையும் தனிமைச் சிறையையும் தடை செய்கின்றன.

அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், எப்படி அடைக்கிறோம் என்பதில் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 1983-ல் தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சிறு சிறு இல்லங்களாகப் பிரித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, சீருடைக் காவலர்களுக்குப் பதில் பயிற்சி பெற்ற பணியாளர்கள், தினமும் பள்ளி. பெற்றோர் அடிக்கடி வந்து பார்க்க முடிந்தது. பிறகு பல மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தன.

கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரி குற்றம் செய்தாலும் இதே நடைமுறையா?

எல்லா நாடும் திணறும் கேள்வி இது. இந்தியாவில் 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்தில் ஆறு பேரில் ஒருவனுக்கு 17 வயது. அன்றைய சட்டப்படி அவனுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு. நாடே கொதித்தது. அதன் பிறகு வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் மிகக் கொடிய குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் செய்தால், பெரியவராகக் கருதி விசாரிக்க வழி திறந்தது. தானாக நடந்துவிடாது. குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும்: அந்தக் குற்றத்தைச் செய்யும் மன வலிமை, உடல் வலிமை இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று. அப்படி விசாரித்தாலும் தூக்குத் தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கொடுக்க முடியாது.

அமெரிக்கா இதில் நெடுந்தூரம் போய்த் திரும்பியது. 1990-களில் இரக்கமற்ற சிறுவர் கூட்டம் ஒன்று வரப்போகிறது என்ற பயம் பரவி, மாநிலம் மாநிலமாகச் சிறாரைப் பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் சட்டங்களைப் போட்டார்கள். அந்தக் கூட்டம் வரவே இல்லை, சிறார் குற்றம் குறைந்தது. 2007-ல் அங்குள்ள பொதுச் சுகாதார நிபுணர் குழு ஒன்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார் பின்னாளில் வன்முறையில் இறங்குவது கூடுவதாக முடிவு சொன்னது. 2005-ல் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை என்றது. 2012-ல், சிறாருக்கு விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிக்கும் சட்டங்கள் செல்லாது என்றது. 17 வயதில், 1963-ல் ஒருவரைச் சுட்டுக் கொன்று அப்படிப்பட்ட ஆயுள் தண்டனையில் இருந்த ஹென்றி மாண்ட்கோமரி, 2021-ல் 75 வயதில் வெளியே வந்தார்.

இரண்டு சம்பவங்களைச் சேர்த்துச் சொல்கிறேன், படிக்கக் கனமாக இருக்கும். 1993-ல் இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில், ஊடகங்கள் நிறைந்திருக்க, விசாரணையை அவர்கள் பார்க்கும்படி கூண்டின் தரையை உயர்த்தி நிற்கவைத்து விசாரித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடப்பது புரியவில்லை, அது நியாயமான விசாரணை இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-ல் சொன்னது. 1994-ல் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஆறு வயதையொட்டிய சிறுவர்களால் அடிபட்டு இறந்தது. வழக்கு இல்லை, பெயர்கள் வெளிவரவில்லை. உளவியல் துணையோடு அந்தப் பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கே அனுப்பினார்கள். வயது ஒன்றில்லை, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நார்வேயில் பத்து வயதுப் பிள்ளையையும் கூண்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்த இரு குடும்பங்களின் துக்கத்தையும் எந்தச் சட்டமும் தொட முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் நிலை இது: கொடிய குற்றம் செய்த பிள்ளையை நீண்ட காலம் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டி வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் என்றைக்காவது வெளியே வருவான். அந்த நாளுக்கு அவனைத் தயார் செய்யும் இடமாக அது இருக்க வேண்டும்.

சிறையைக் கூட்டிப்போய்க் காட்டிப் பயமுறுத்தினால் திருந்த மாட்டார்களா?

மாட்டார்கள். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராவே சிறையில் இது பெரிதாகத் தொடங்கியது. ஆயுள் கைதிகள் சிறுவர்கள் முன் கத்தி, மிரட்டி, சிறை வாழ்க்கையை விவரித்தார்கள். பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, சிறையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் பார்க்காத பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். போலீஸ் நிலையத்தில் உட்காரவைத்து "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்" என்று கேட்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வழக்கு வாழ்நாள் முழுக்கத் தொடருமா?

இந்தியாவில், சிறார் சட்டப்படி முடிந்த வழக்கு பிற்காலத்தில் வேலைக்கோ வேறு எதற்கோ தகுதிக்குறைவாக ஆகக் கூடாது. பெரியவராகக் கருதித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. பெயர், படம், பள்ளி, முகவரி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது குற்றம். இது செய்தித்தாளுக்கு மட்டுமான விதி என்று நினைக்காதீர்கள். தெரு வாட்ஸப் குழுவில் "இவன்தான் அந்தத் திருடன்" என்று படம் போடுவது ஒரு பிள்ளையின் இருபது வருடத்தைப் பாழாக்கிவிடும்.

18 வயது ஒரு நாள் தாண்டிவிட்டால்?

பெரும்பாலான இடங்களில் முழுதாகப் பெரியவர் சட்டம்தான். ஜெர்மனியில் 18 முதல் 20 வயது வரை உள்ளவரின் முதிர்ச்சியைப் பார்த்து நீதிபதி சிறார் சட்டத்தைப் பயன்படுத்தலாம். நெதர்லாந்தில் 23 வயது வரைகூட அதற்கு வழி உண்டு. மூளை பிறந்தநாள் கேக் வெட்டியதும் முதிர்ந்துவிடுவதில்லை என்பதால் இது எனக்கு அறிவுள்ள ஏற்பாடாகத் தெரிகிறது.

வயதுச் சான்று இல்லையென்றால்?

இந்தியாவில் முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் ஓரிரு வயது முன்பின் வரும், அதனால் பழைய தாள்களைத் தேடி எடுப்பதற்கு முதல் உழைப்பைப் போடுங்கள். வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, "அப்போது எனக்கு 18 ஆகவில்லை" என்று சொல்லலாம்.

என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

உடனே கிளம்பிப் போங்கள். வயதுச் சான்று, பிள்ளை ஏதாவது மருந்து சாப்பிட்டால் அந்த மருந்து, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கும் அலுவலரின் பெயரையும் நீங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவி கேளுங்கள்; சிறாருக்கு அது பல நாடுகளில் உரிமை. வக்கீல் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பிள்ளையையும் போட விட வேண்டாம்.

அங்கே வைத்து அவனை அடிக்காதீர்கள். "ஏன்டா என் மானத்தை வாங்கினாய்" என்ற பேச்சும் அன்றைக்கு வேண்டாம். அந்தக் கட்டடத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான். "சாப்பிட்டாயா, அடிச்சாங்களா?" என்று முதலில் கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பேசிப் பார்க்காதீர்கள். நீங்கள் கெஞ்சினாலும் அவர்களுக்கு அது மிரட்டலாகத் தோன்றலாம். வக்கீல் மூலமாகவோ நன்னடத்தை அலுவலர் மூலமாகவோ போங்கள். அந்த அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கையை வைத்துத்தான் நிறைய முடிவாகும், அதனால் அவரிடம் வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாவின் குடி, கடன், பிள்ளையின் படிப்பு நின்றது, புதிதாகச் சேர்ந்த கூட்டாளிகள் எல்லாவற்றையும் சொல்லலாம்.

ஜாமீனில் வந்த மறுநாளே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பெயரை நீக்கிவிடாதீர்கள், இடத்தை வைத்திருங்கள் என்று கேளுங்கள். பிள்ளை தயங்கினால், முதல் ஒரு வாரம் வாசல் வரை நீங்களே கூடப் போங்கள்.